ஜெமியின் கிட்டார் இன்னும் தயாராகவில்லை

அக்டோபர் 6, ஞாயிறு

கல்லூரியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடக்கிறது. இன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. என் மகள் ஜெமியின் கிட்டாரில் என்னென்ன மாற்றுகிறேன் என்று இதில் குறித்து வைக்கப் போகிறேன்.

அவளைச் சபையில் முழு உறுப்பினராகச் சேர்த்த திடப்படுத்தல் ஆராதனையன்று மாமாமாரும் சித்திமாரும் கையில் வைத்துக் கொடுத்ததையெல்லாம் சேர்த்து வைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனிலேயே ஆர்டர் போட்டிருக்கிறாள். பதினாறு வயது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

பெட்டியைப் பிரித்ததும் பெயின்ட் வாடை வீடு பூராவும் அடித்தது. அவள் அம்மா ஷீலா சன்னலைத் திறந்து வைத்தாள். எலெக்ட்ரிக் கிட்டார் என்று விற்பதிலேயே இதைவிட விலை குறைந்தது கிடையாது. கழுத்தில் பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் ஓரம் ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி இருக்கிறது. சுருதி சேர்த்து வைத்தால் ஒரு பாட்டு தாங்காது. என் ஆம்ப்ளிஃபையரில் மாட்டிப் பார்த்தோம். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம்.

"நல்லாயில்லையாப்பா?" என்றாள்.

"குப்பை. ஆனா உள்ள இருக்கதையெல்லாம் மாத்துனா உருப்படும். நான் சரி பண்ணித் தாரேன்."

முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இயற்பியல் லேபில் உதவியாளராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன், சால்டரிங் எனக்குக் கைவந்த வேலை. சர்ச் கொயரில் கிட்டாரும் நான்தான், ஜெமி பிறப்பதற்கு முன்பிருந்தே. பாளையங்கோட்டையில் இந்த வேலைக்கு என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.

அவளும் கொஞ்சம் வாசித்தாள். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். விரல் நன்றாகத்தான் போகிறது. முறுக்காணி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

பிரித்துப் போட்டாயிற்று. கழுத்து தனி, உடம்பு தனி. திருகுகளை ஷீலாவின் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொயர் மாஸ்டர் குணசீலன் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வேய் பொன்சிங்கு, செத்த நில்லும். உம்ம மக வாலிபர் கூட்டத்துல யார் கிட்டாரையோ வாங்கி வாசிச்சாளே, கேட்டீரா?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு கேக்கலைங்கீரு! கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸுக்கு நான் ஒரு புதுப்பாட்டு போட்டிருக்கேன்லா, அதுல நடுவுல கிட்டார் மட்டும் தனியா வரும். அந்த இடத்தை ஜெமி வாசிக்கட்டும். நீரு பக்கத்துல நின்னு பின்னணிக்கு கார்டு பிடிச்சுக்கிடும்."

நம் கோயிலில் பெண்பிள்ளைகள் ஆர்கன் வாசித்ததுண்டு. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு கொயரில் யாரும் நின்றதில்லை. அண்ணாச்சிக்கு வயதாக ஆக இப்படி ஏதாவது தோன்றும்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் கறிக்குழம்பு. ஜெமி பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். கேட்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, ரெக்கார்டு நோட்டு மலையாகக் கிடக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணாச்சியிடம் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் பயம், கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்கும் என்றேன். சுத்தப் பொய் என்று சொல்ல முடியாது. எந்தப் பிள்ளைக்குத்தான் பயம் இல்லை? "அப்படியா? அவளைப் பாத்தா அப்படித் தெரியலையேவே" என்றார் அண்ணாச்சி. அந்த இடத்தை நானே வாசிக்கிறேன் என்றேன். "வேண்டாம், அதை எடுத்துட்டு கொயரைப் பாட விட்டுருதேன்" என்றார்.

அது ஏன் அப்படிச் சொன்னார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பழைய பிளாஸ்டிக் நட்டைக் கழற்றிவிட்டு எலும்பில் செய்ததை ஒட்டியிருக்கிறேன். தந்திகள் கழுத்தின் மேல்முனையில் உட்காருகிற சின்னத் துண்டு அது. இதிலேயே பாதிச் சத்தம் மாறிவிடும் என்கிறார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி லீவு. பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. சென்னையிலிருந்து பிக்கப் இரண்டும் வந்துவிட்டன. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற காந்தம் அதுதான், கிட்டாருக்குத் தொண்டை என்றே சொல்லலாம். கழுத்துப் பக்கம் ஒன்று, அடியில் ஒன்று. உள்ளே செம்புத் தகடு ஒட்டிக் காயப் போட்டிருக்கிறேன்.

காபி குடிக்க உள்ளே போனபோது ஜெமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிட்டாரின் வெறும் கழுத்து மட்டும் இருந்தது. தந்தி கிடையாது, உடம்பு கிடையாது. இடது கை விரல்கள் மட்டும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னட்டி செய்யுத?"

"சும்மாதான். எப்பப்பா முடியும்?"

"நல்ல வேலைன்னா நாளாகத்தான் செய்யும்."

"கேரல் சர்வீஸுக்கு யாருப்பா கிட்டார்?"

"வேற யாரு? நான்தான்."

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறுகிறது என்று நான் வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு பிக்கப்பையும் மாட்டி, தந்தி கட்டி, ஜெமியைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து வாசித்தேன். கழுத்துப் பிக்கப் நன்றாக இருக்கிறது. அடிப் பிக்கப்பும் நன்றாக இருக்கிறது. ஸ்விட்ச்சை நடுவில் தள்ளி இரண்டையும் சேர்த்தால் சத்தம் சூம்பிப்போகிறது. சளி பிடித்தவன் மூக்கால் பாடுகிற மாதிரி.

"மரம் சரியில்ல. எவ்வளவு கொட்டினாலும் இது இவ்வளவுதான். மலிவான சாமான் மலிவான சாமான்தான்" என்றேன்.

"தனித்தனியா நல்லாத்தானப்பா கேக்கு? சேரும்போது மட்டும்தான மெலியுது. ஒண்ணுல மட்டும் ரெண்டு வயரும் மாறியிருக்குமோ? ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிடும்லா."

"நீ எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தாரியாக்கும்? லேப்ல இத்தனை வருஷம் நான் என்ன சட்டி கழுவிக்கிட்டா இருந்தேன்?"

ஷீலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜெமி எழுந்து போய்விட்டாள்.

அவள் போனபிறகு திறந்து பார்த்தேன். வயர் மாறித்தான் இருந்தது.

இரண்டு புள்ளி சால்டரிங், காபி குடிக்கிற நேரத்து வேலை. இன்றைக்குக் கை ஓடவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கோயிலில் அசன விருந்து. விடியற்காலையிலேயே போய் ஆண்களெல்லாம் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினோம். பக்கத்தில் இருந்தவர், "பொன்சிங்கு, மகளுக்குக் கிட்டார் செய்து குடுக்கீராமே? அப்பன்னா உம்மை மாதிரில்லா இருக்கணும்" என்றார். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே நறுக்கினேன்.

அந்த வயரை இன்னும் மாற்றவில்லை. ஏன் என்று ஷீலாவும் கேட்கவில்லை, ஜெமியும் கேட்கவில்லை. யாராவது ஒருவர் கேட்டுத் தொலைத்தால் தேவலை.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸ் பலகாரம் சுட ஷீலா குணசீலன் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அச்சு முறுக்கு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, ஜெமி டியூஷனுக்குப் போய்விட்டாளா என்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"ஜெமியைக் கொயர்ல கிட்டார் வாசிக்கக் கேட்டாங்களாமே?"

நான் பேப்பரை மடித்தேன்.

"அண்ணாச்சி வீட்டு ரூபி அக்கா மாவு முக்கிக்கிட்டே கேக்காங்க, 'ஜெமிக்கு இன்னும் பயம் தெளியலியா'ன்னு. எனக்கு ஒண்ணும் விளங்கல. என்ன பயம்ங்கேன். உங்க வீட்டுக்காரருதான சொன்னாருங்காங்க. நான் சட்டிக்கு முன்னால முழிச்சுக்கிட்டு நிக்கேன். அவளுக்கா பயம்? பிள்ள இதுக்குத் தவம் கிடக்காளே! என்னத்துக்குங்க அப்படிச் சொன்னிய?"

படிப்பு என்றேன். ஊர் வாய் என்றேன். கோயிலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். பூசி மெழுகப் பூசி மெழுக அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். சொன்னா அவ உங்களைப் பாப்பா பாருங்க ஒரு பார்வை, அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

சொல்லவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

இன்றும் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. ஸ்டார் மாட்டினோம், ஜெமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். நாற்காலி ஆடியது.

டிசம்பர் 7, சனி

இன்று எல்லாவற்றையும் முடித்தேன். ஃப்ரெட் ஓரங்களை ராவி வழவழப்பாக்கினேன். வயர் இரண்டையும் இடம் மாற்றினேன். கொதிக்கிற ஈயம் ஒரு நொடியில் உருகி ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு நொடி வேலைக்கு ஒரு மாசம் கடத்தியிருக்கிறேன். வாசித்துப் பார்த்தேன், சத்தம் கொழுத்திருந்தது. "இந்தா" என்று ஜெமியிடம் கொடுத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கேட்டது. யார் வீட்டிலோ டேப் ஓடுகிறது என்று நினைத்தேன். நம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணாச்சியின் பாட்டில் நடுவே தனியாக வருமே, அந்த இடம். அதை அவள் எங்கே கேட்டாள், எப்போது படித்தாள்? ஒரு தந்தியை மெல்ல வளைத்து, அது அழப்போகிற இடத்தில் அழவிடாமல் நிறுத்தி, பிறகு விட்டாள். பால் பாக்கெட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உள்ளே போய், "குடு, சுருதி சரியா நிக்கான்னு பாக்கேன்" என்று வாங்கி வாசித்தேன். அதே கிட்டார், அதே ஆம்ப்ளிஃபையர், ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை. நான் வாசித்தால் நான் வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. நான் கல்யாணத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட அதே நாலு கார்டு, அதே டொங்கு டொங்கு. எலும்பு நட்டும் செம்புத் தகடும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் மாதமே, அந்தத் தகர டப்பாச் சத்தத்திலேயே, அவள் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கிட்டாரைப் பிரித்துப் போட்டேன். பொறாமை. பெற்ற பிள்ளைமேல். எழுதிவிட்டு இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். தூ, நானெல்லாம் ஒரு அப்பன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முதலில் அண்ணாச்சியைச் சரிக்கட்டிவிட்டால் ஜெமியிடம் நல்ல செய்தியாகவே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இதிலும் கெட்டிக்காரத்தனம்! ஆராதனை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளுக்குப் பயம் போயிட்டு அண்ணாச்சி, வாசிக்கட்டும்" என்றேன்.

"இப்ப வந்து சொல்லுதீரே! ப்ரோக்ராம் அச்சாயிட்டு. கொயரும் வேற மாதிரி படிச்சாச்சு." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீரு சொன்னப்பவே எனக்கு மனசு ஒப்பலவே. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவகிட்டயே கேட்டேன். 'ஏம்மா, உங்கப்பா நீ பயப்படுதேங்காரே, நிசமா'ன்னு. பிள்ள சொன்னா, 'ஆமா அங்கிள், அப்பா சொன்னது சரிதான், எனக்குப் பயமாத்தான் இருக்கு. பாட்டை மட்டும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க, வீட்டுல சும்மா படிச்சுக்கிடுதேன்'னு. போன்ல பிடிச்சுட்டுப் போனா."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அப்படியென்றால் வெறும் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாளே, அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரியும். 'யாருப்பா கிட்டார்' என்று கேட்டாளே. நான் சொல்லிவிட ஒரு வழி விட்டுக் கேட்டிருக்கிறாள். நான் காபியைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

லேபில் பீக்கர் ஒன்றை உடைத்தேன். வீட்டில் ஜெமி தோசைக்குச் சட்னி வைத்தாள். என் தட்டுக்குத்தான் முதலில் போட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

கேரல் சர்வீஸ். சாயங்காலம் ஒத்திகையின்போது என் கிட்டாரில் வயர் செருகுகிற இடம் கரகரவென்று இரைய ஆரம்பித்தது. ஆட்டினேன், ஊதினேன், கேட்கவில்லை. மகளுடைய கிட்டாரை நோண்டிக்கொண்டிருந்தவன் தன் கிட்டாரைத் திறந்தே பார்க்கவில்லை. கோயில் நிரம்பிக்கொண்டிருந்தது. ஜெமி வீட்டுக்கு ஓடினாள். மூச்சிரைக்கத் தன்னுடையதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதை வாசிங்கப்பா."

வாங்கி மாட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அவள் போய் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணாச்சியின் பாட்டு வந்தது. நடுவில் கிட்டார் வரவேண்டிய இடத்தில் கொயர் 'ஆ' என்று இழுத்தது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவள் விரல்கள் முழங்காலில் அசைவதைப் பார்த்திருப்பேன். ஷீலா பிறகு சொன்னாள்.

முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "புது கிட்டாரா? பேசுதேவே!" "எவ்வளவு ஆச்சு?" போதகர் ஐயரே வந்து தோளைத் தட்டினார். எல்லோருக்கும் பல்லைக் காட்டினேன். தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஜெமி கூட்டத்துக்கு வெளியே கேக் தட்டோடு நின்றாள்.

டிசம்பர் 16, திங்கள்

சொன்னேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி உன்னைத்தான் கேட்டாரு. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்ப்பா."

"பிறகு ஏன் பயம்னு சொன்னே?"

கொடியிலிருந்து என் சட்டையை எடுத்து உதறினாள். "நான் இல்லைன்னு சொன்னா, நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆயிரும்லா."

"உனக்குக் கோவம் இல்லையாட்டி?"

"இருக்கு. ரொம்ப இருக்கு" என்றாள். மூக்கு சிவந்து, கண் கலங்கிவிட்டது. "வயரு மாறியிருக்குன்னு சொன்னேன்லா, அதுகூட ஒரு மாசம் மாத்தலையேப்பா. நான் ஸ்க்ரூவைப் பாத்து வச்சிருந்தேன், நீங்க கழட்டி மாட்டியிருந்தது தெரிஞ்சுது. மறுநாளே தெறந்து பாத்தேன், வயரு அப்படியேதான் இருந்துச்சு."

என் மேல்சட்டையை அழகாக மடித்து வாளியில் வைத்துவிட்டுக் கீழே போனாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே படியில் இறங்கியிருந்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

கொயர் ஒத்திகை. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து நின்றேன். "ஜெமிக்குப் பயம்னு நான் அண்ணாச்சிகிட்டச் சொன்னது பொய். அவளுக்கு ஒரு பயமும் கிடையாது. அவ வாசிச்சா எம்பேரு போயிரும்னு எனக்குத்தான் பயம்" என்றேன். சோப்ரானோ பெண்கள் வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள். ஜெமியின் ஞானஸ்நானத்துக்குக் கேக் வெட்டிய ஆட்கள்தான் அத்தனை பேரும். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி ஆர்கன் மூடியை மூடினார். "கிறிஸ்துமஸ் ஆராதனை ஆசீர்வாதம் முடிஞ்சு சனம் வெளிய போவும்லா, அந்த நேரத்துக்கு ப்ரோக்ராம்ல ஒண்ணும் போடலை. அவ வருவாளான்னு கேளும். வந்தா, நீரு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிட்டு வாரும்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். இந்தத் தடவை வீட்டு வாசலிலேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால். யோசித்துவிட்டு, "சரி" என்றாள். சிரிக்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

ஆசீர்வாதம் முடிந்தது. சனங்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வாசலை நோக்கி நகர்ந்தார்கள். ஜெமி எழுந்து கிட்டாரை மாட்டிக்கொண்டாள். நான் வயரைச் செருகிவிட்டு, ஆர்கனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அண்ணாச்சி தன் பாட்டை மெதுவாகத் தொடங்கினார். நடுவில் கையை எடுத்துவிட்டார். ஜெமி வாசித்தாள். வாசல் பக்கம் போனவர்கள் போகவில்லை. வெளியே செருப்பு மாட்டியவர்கள் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள். ஷீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. கேரல் சர்வீஸில் கேட்டிருக்க வேண்டியது இது, நிறைந்த கோயிலில், பேர் சொல்லி.

முடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். அவரும் அவர் ஊர்க் கோயிலில் கிட்டாராம். "விலை குறைஞ்ச கிட்டாருன்னு சொல்லுதாவ, நம்பவே முடியலை. நீங்கதான் மாத்துனீங்களாமே, என்னெல்லாம் மாத்துனீங்க?"

பிக்கப், நட், முறுக்காணி, செம்புத் தகடு. இந்தக் கேள்விக்காகத்தான் அக்டோபரிலிருந்து இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையும் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் ஜெமி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. வேணும்னே குடுக்காம வச்சிருந்தேன். இப்பக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் நல்ல நகைச்சுவை என்று சத்தமாகச் சிரித்தார். ஜெமி சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சுருட்டிய வயரை என் கையில் கொடுத்துவிட்டு, கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நான் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.